வயிற்றைச் சரிசெய்வது எப்படி? வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், பழைய வட ஆற்காட்டின் சாப்பாடும் வெயிலும் தண்ணீர்க் கஷ்டமும் இன்னும் ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் மலச்சிக்கல், உப்புசம், நெஞ்சு எரிச்சல், அடிக்கடி வயிற்றால் போவது என்று அவதிப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே யோசனைதான் இருக்கிறது: முதலில் வயிற்றைக் கெடுப்பதை நிறுத்த வேண்டும், அப்புறம் நல்லதைச் சேர்க்க வேண்டும், சேர்ப்பதையும் ஒரு நேரத்தில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

தினமும் காலையில் போகாவிட்டால் மலச்சிக்கல் என்று அர்த்தமா?

இல்லை. ஒரு நாளைக்கு 3 முறை போகிறவர் உண்டு, வாரத்துக்கு 3 முறை போகிறவரும் உண்டு. சிரமமில்லாமல் போனால் இரண்டுமே இயல்புதான். எத்தனை தடவை என்பதைவிட மலம் என்ன பதத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட அளவுகோல் மலத்தை 7 வகையாகப் பிரிக்கிறது. உருண்டை உருண்டையாகக் கட்டியாக வந்தால் அது 1. வெறும் தண்ணீராகப் போனால் 7. மேலே லேசான வெடிப்போடு நீளமாக வருவது 3, வழவழப்பாக ஒரே சீராக வருவது 4. இந்த 3-ம் 4-ம் நல்ல பதம்.

தினமும் போனாலும் முக்கி முக்கித்தான் போக வேண்டியிருக்கிறது, போன பிறகும் பாக்கி இருப்பதாகத் தோன்றுகிறது என்றால் அது மலச்சிக்கல்தான்.

எந்த அறிகுறி இருந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் படிக்க வேண்டும். மலத்தில் ரத்தம், தார் போலக் கறுத்து நாற்றத்தோடு போகும் மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத காய்ச்சல், விழுங்கும்போது அடைப்பது, நிற்காத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்று வலி அல்லது பேதி, கண் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் களி, கூழ், கஷாயம் எதுவும் முதல் மருந்து ஆகாது. 45 வயதுக்கு மேல் திடீரென்று மலப்பழக்கம் மாறினாலும், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மலத்தில் ரத்தம் என்றால் "மூலம்தான், சூடு" என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் விடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு, வயிற்று வலி மூன்றும் சேர்ந்து வந்தால் குடல் காசநோயும் ஒரு காரணமாக இருக்கலாம். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லை. அரசு மருத்துவமனையில் இதற்கான மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுப்பாகும். அது பயப்பட வேண்டிய கறுப்பு இல்லை. ஆனால் அதே மாத்திரை மலச்சிக்கலும் தரும், அதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள், அவ்வளவுதான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது போனீர்கள், என்ன பதம், என்ன மாத்திரை, எவ்வளவு தூக்கம். ஒரு வாரம் எழுதினாலே பாதிப் பேருக்குத் தங்கள் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் 2 டீ, மதியச் சாப்பாடு 3 மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு 10 மணிக்கு, 10.30-க்குப் படுக்கை என்று எழுதிப் பார்க்கும்போது நெஞ்சு எரிச்சலுக்குக் காரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

அடுத்தது சுத்தமான தண்ணீரும் கை கழுவுவதும். மூன்றாவது, காலை நேரப் பழக்கம். நான்காவதாக நார்ச்சத்து. அதற்கு அப்புறம்தான் மோர், பழைய சோறு போன்ற புளித்த உணவுகள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். ஒரே திங்கட்கிழமையில் அரிசியை விட்டு, சிறுதானியத்துக்கு மாறி, பாலை நிறுத்தி, திரிபலாவும் தொடங்கினால், வயிறு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் எதனால் என்று தெரியாது. இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நார்ச்சத்துக்கு முன்னால் தண்ணீரையும் கையையும் ஏன் வைக்கிறீர்கள்?

குடல் நலம் பற்றி வெளிநாட்டில் எழுதப்படுவதெல்லாம் குழாயைத் திறந்தால் சுத்தமான தண்ணீர் வரும் ஊருக்காக எழுதப்பட்டவை. நம் நிலைமை வேறு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கூட்டம் கூட்டமாக வந்தது. நாள்பட்ட பேதி, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போவது, ரத்தசோகை, மெலிவு. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் போன்ற மருத்துவர்கள் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். நோயே இல்லாத கிராமத்து மக்களின் சிறுகுடல் உட்சுவரும் குளிர்நாட்டு மக்களுடையதைப் போல இல்லாமல் மாறியிருந்ததை அந்தக் காலத்து ஆய்வுகள் காட்டின. அடிக்கடி கிருமி உள்ளே போகும் சூழலில் வாழும் குடலுக்கு ஏற்படும் மாற்றம் அது.

அதனால் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிக்குப் போதும். மூடி வையுங்கள், டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாதீர்கள். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், உப்பையும் ரசாயனத்தையும் எடுக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய பாலாற்றுப் படுகைக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைக் குடிக்கவே வேண்டாம். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரையோ நம்பகமான சுத்திகரிப்புத் தண்ணீரையோ வாங்குங்கள். கேன் தண்ணீர் வாங்கினால் கேனின் உட்புறத்தையும் பாருங்கள், பாசி பிடித்த கேனைத் திருப்பி அனுப்புங்கள்.

கழிப்பறை போய் வந்த பிறகும் சாப்பிடுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு இது இரண்டு மடங்கு அவசியம், ஏனென்றால் விரலில் இருக்கும் புகையிலைத் தூளும் சோற்றோடு வயிற்றுக்குள் போகிறது.

ஷூ கம்பெனியில் வேலை. 6 மணிக்கே பஸ் ஏற வேண்டும். காலையில் போக நேரமே இல்லை. என்ன செய்வது?

மலச்சிக்கலோடு இருக்கும் பெண்களில் எத்தனையோ பேருக்கு இதுதான் உண்மையான காரணம் என்று நான் நம்புகிறேன். காலையில் அவசரம், கம்பெனியில் கழிப்பறைக்குப் போகத் தயக்கம், போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மலம் வரும் உணர்வை அடக்கினால் அது பெருங்குடலிலேயே தங்கும், தங்கத் தங்கத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகும். பல மாதம் அடக்கினால் அந்த உணர்வே மழுங்கிவிடும். இதற்கு எந்தச் சூரணமும் தீர்வு இல்லை.

குடலுக்குக் காலையிலும் சாப்பிட்ட உடனேயும் இயற்கையாக ஓர் உந்துதல் வரும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 20 நிமிடம் முன்னதாக எழுந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பெரிய டம்ளர் குடியுங்கள், கூடவே ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் கூழோ சாப்பிடுங்கள். 10 நிமிடம் கழித்து, வந்தாலும் வராவிட்டாலும், போய் உட்காருங்கள். 5 முதல் 10 நிமிடம் போதும், போன் வேண்டாம், முக்கவும் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்துங்கள். நம் பழைய குந்தும் நிலையே குடலுக்கு நேரான வழி. இரண்டு வாரம் விடாமல் செய்தால் உடம்பு அந்த நேரத்தைப் பழகிக்கொள்ளும்.

கம்பெனிக்கு ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துப் போய் வேலை முடிவதற்குள் காலி செய்யுங்கள். குடிதண்ணீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தொழிற்சாலை சட்டப்படி தர வேண்டியவை. அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

நார்ச்சத்துக்கு ஓட்ஸ் வாங்க வேண்டுமா?

ஓட்ஸ் நல்ல தானியம்தான். ஆனால் நம் ஊரில் கேவுரு (கேழ்வரகு) இருக்கும்போது அதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. பெரியவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டுப் பரிந்துரை. மூன்று வேளையும் வெள்ளை அரிசி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சாம்பார் என்று சாப்பிட்டால் அந்தக் கணக்குக்கு எட்டவே முடியாது.

இந்த 25 கிராம் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று தெரிந்தால் சாப்பிட மனசு வரும். நார்ச்சத்தை நம் குடல் செரிக்காது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதைத் தின்று புளிக்கவைத்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. இதில் பியூட்டிரேட் பெருங்குடல் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கியமான சாப்பாடு. நார்ச்சத்து போகாத குடலில் அந்த பாக்டீரியாக்களும் பட்டினி, குடல் சுவரும் பட்டினி.

எப்படிச் சேர்ப்பது? முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வேளை மட்டும். காலை இட்லிக்குப் பதில் கூழ், அல்லது மதியம் நொய் போட்டுக் கிண்டிய கேவுரு களி ஓர் உருண்டை, கூடவே கீரைக் கடைசல். அடுத்த இரண்டு வாரம் பயறு: காராமணிக் குழம்பு, பச்சைப்பயறுச் சுண்டல், கொள்ளு ரசம். அப்புறம் தினமும் ஒரு காய், ஒரு பழம். அணைக்கட்டு ஊருக்குப் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதை எண்ணெயில் மிதக்கவிடாமல் காராமணி போட்டுக் கூட்டாகச் செய்து பாருங்கள். கொய்யாப்பழம் விலையும் குறைவு, நார்ச்சத்தும் அதிகம். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு கைப்பிடி. ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் வாரத்தில் இரண்டு நாள் சாதமாக வடியுங்கள், பாலிஷ் அதிகம் போடாததாகப் பார்த்து வாங்குங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்று நினைத்து இரண்டு சொம்பு கூழ் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றும். அதிலும் மாவாக அரைத்துக் கரைத்த கூழ் சீக்கிரமே ஏற்றும். களியாக, அளவாக, பயறும் கீரையும் சேர்த்துச் சாப்பிடுங்கள், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பயறு, கீரை, தண்ணீர் மூன்றின் அளவையும் மருத்துவர் சொன்னபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

பயறும் சிறுதானியமும் சேர்த்ததிலிருந்து ஒரே கேஸ். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் வேகமாகச் சேர்த்துவிட்டீர்கள். பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும்போது காற்று உண்டாகத்தான் செய்யும். அளவைப் பாதியாகக் குறைத்து, வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பயறை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் எளிது. பெருங்காயம், சீரகம், இஞ்சி சேர்க்கிற நம் வழக்கம் நல்ல வழக்கம்தான், தொடருங்கள். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் மலச்சிக்கல் அதிகமாகும் என்பதையும் கவனியுங்கள்.

மெதுவாகச் செய்தும் அடங்கவில்லை என்றால், வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு இவற்றில் இருக்கும் சில வகைச் சர்க்கரைகள் சிலருடைய குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. உணவியல் நிபுணர் துணையோடு சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. நீங்களாகவே எல்லாவற்றையும் நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள்.

பழைய சோறு உண்மையிலேயே குடலுக்கு நல்லதா?

நல்லது. இரண்டு காரணம். சோற்றில் தண்ணீர் ஊற்றி ராத்திரி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அதோடு, வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது நார்ச்சத்து போலவே பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாவுக்கு உணவாகிறது.

இந்தச் செரிக்காத மாவுச்சத்து பற்றி உலகமே கவனித்த ஓர் ஆய்வு நடந்தது நம் வேலூரில்தான். சி.எம்.சி.யில் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு 48 காலரா நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓஆர்எஸ் (பேதிக்குக் குடிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்), இன்னொன்றுக்கு அரிசி மாவு கலந்தது, மற்றொன்றுக்குச் செரிக்காத வகை மக்காச்சோள மாவுச்சத்து கலந்தது என்று கொடுத்துப் பார்த்தது. 2000-ஆம் ஆண்டு வெளியான முடிவில், மாவுச்சத்துக் கலவை குடித்தவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றிருந்தது. பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவுச்சத்தைத் தின்று உண்டாக்கும் அமிலங்கள், உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் இழுக்க உதவுகின்றன. வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியாவை நமக்காக வேலை செய்ய வைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு. அதற்காகப் பழைய சோறு காலராவுக்கு மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய சோற்றில் இருக்கும் அளவு அதைவிட மிகக் குறைவு.

நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. கத்திரி நேரத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். சோறு சூடு ஆறியதும், கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, மண்பானையில் மூடி வையுங்கள். ராத்திரி வைத்ததைக் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். பிசுபிசுப்பு, கெட்ட வாடை இருந்தால் கொட்டிவிடுங்கள். நாள் முழுக்கச் சட்டியில் கிடந்த சோறு பழைய சோறு ஆகாது, கெட்ட சோறுதான்.

தயிர், மோர், இட்லி, கூழ், ஊறுகாய் எல்லாமே ப்ரோபயாட்டிக் தானா?

எல்லாமே இல்லை. ப்ரோபயாட்டிக் என்றால் குடலுக்கு நல்லது செய்யும், உயிரோடு இருக்கும் பாக்டீரியா. அது வேண்டும் என்றால் புளித்த பிறகு சூடு படக் கூடாது. தயிரிலும் நீர்மோரிலும் உயிரோடு இருக்கும். மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் செத்துவிடும். இட்லி மாவில் ஏராளம், வெந்த இட்லியில் இல்லை. ஆனாலும் மாவு புளிப்பதால் இட்லி எளிதில் செரிக்கும், தானியத்தில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதும் சுலபமாகும். கூழ் இதில் அருமையான விஷயம். மாவைக் கரைத்துப் புளிக்கவைக்கிறோம், அப்புறம் நொய்யோடு காய்ச்சுகிறோம், அந்தச் சூட்டில் பாக்டீரியா போய்விடுகிறது. ஆனால் காய்ச்சியதை ஒரு ராத்திரி வைத்து மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிக்கும்போது மறுபடியும் உயிருள்ள பாக்டீரியா வந்துவிடுகிறது. ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழை மற்ற மாதங்களிலும் வீட்டில் காய்ச்சலாம். எண்ணெயும் உப்பும் மிதக்கும் கடை ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருந்துக் கடையில் விற்கும் ப்ரோபயாட்டிக் கேப்சூல் சில குறிப்பிட்ட நோய்களுக்கு உதவும், மருத்துவர் சொன்னால் போடுங்கள். பொதுவாக வயிறு நன்றாக இருக்க ஒரு கிண்ணம் தயிர் போதும்.

பால் குடித்தால் உப்புசமாக இருக்கிறது. தயிரையும் விட வேண்டுமா?

வேண்டாம். தென்னிந்தியாவில் வளர்ந்தவர்கள் பலருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. தயிராகும்போது பாக்டீரியாவே அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. பாலை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். டீயில் சேரும் பால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு செய்யாது.

தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடுகிறேன், பல வருடமாக. நிறுத்தலாமா?

முதலில் எதற்காகத் தொடங்கினீர்கள் என்று பாருங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும், இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசிந்தவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை கேஸ் மாத்திரை பாதுகாப்பு. அவர்கள் நிறுத்தக் கூடாது. மூட்டு வலிக்கு யாரோ எழுதிய சீட்டில் சேர்ந்து வந்தது, அப்படியே தொடர்கிறது என்றால் மருத்துவரிடம் கேட்டு மெதுவாகக் குறைக்கலாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் சில வாரம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று நினைக்க வைத்துவிடும்.

அதைவிட அவசரம், வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவற்றை மெடிக்கலில் "செட்டு" கேட்டு வாங்கி வெறும் வயிற்றில் போடுவது இரைப்பையைப் புண்ணாக்கும் நேர்வழி. இரைப்பைப் புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. காரம் சாப்பிட்டதால் மட்டும் அல்சர் வருவதில்லை. கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சொன்ன நாள் முழுக்கப் போட்டால்தான் போகும்.

நெஞ்சு எரிச்சலுக்கு வீட்டில் செய்யக்கூடியது: ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம், சாப்பிட்டபின் 10 நிமிட நடை, இடது பக்கம் சாய்ந்து படுப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, வெறும் வயிற்று டீயை விடுவது. புகையும் மதுவும் தொடர்ந்தால் மற்றது எதுவும் பெரிதாகப் பலிக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம். மதியம் சாப்பிடுங்கள், ராத்திரி 10 மணிக்கு வேண்டாம். அளவாகச் சாப்பிட்டு, கூட வரும் தயிர் வெங்காயத்தையும் கத்திரிக்காய்த் தொக்கையும் விடாமல் சாப்பிடுங்கள். செரிப்பதற்கு என்று கலர் சோடா குடிக்காதீர்கள், உப்புசம்தான் கூடும். ராத்திரிக்குக் கஞ்சியோ ரசம் சாதமோ போதும்.

மாதம் ஒருமுறை பேதிக்குச் சாப்பிட்டுக் குடலைக் கழுவ வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள்.

குடல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். விளக்கெண்ணெய், நிலாவரைச் சூரணம் போன்றவை எப்போதாவது ஒருமுறைக்குச் சரி. நிலாவரை இயற்கைப் பொருள்தான், ஆனால் குடலைத் தூண்டி வேலை செய்ய வைக்கும் மருந்து. தினமும் அதைச் சார்ந்திருக்கக் கூடாது. "மூலிகைப் பொடி" என்று விற்கும் பல பாக்கெட்டுகளில் அதுவே முக்கியப் பொருளாக இருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் விளக்கெண்ணெய் பேதி கூடவே கூடாது. தினமும் எடுக்க ஏதாவது வேண்டும் என்றால் இசப்கோல் உமி ஒன்றிரண்டு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும், அதில் கவனம்.

உணவை மாற்றியும் மலச்சிக்கல் தீரவில்லை என்றால் தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

வயிற்றால் போகும்போது என்ன செய்ய வேண்டும்? மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். திடீரென்று வரும் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, நல்ல பாக்டீரியாவை மட்டும் அழித்துவிட்டுப் போகும். வேண்டியது ஓஆர்எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மொத்தத்தையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். உடனே கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், கஞ்சி, தயிர் சாதம், வாழைப்பழம் கொடுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

குழந்தைகளுக்கு ஓஆர்எஸ்ஸோடு துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும்: 6 மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் உடனே மருத்துவமனை. மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை போடக் கூடாது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு மையங்களில் இலவசம். இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தைப் பரிசோதித்த ஊர்களில் வேலூரும் ஒன்று. நம் ஊர்க் குழந்தைகள் பங்கெடுத்து வந்த மருந்து அது, தவறவிடாதீர்கள்.

பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை அவசியமா?

அவசியம். 1 முதல் 19 வயது வரை ஆண்டுக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், 2 வயதுக்குக் கீழ் அதில் பாதி. நம் பக்கம் முக்கியப் புழு கொக்கிப்புழு. செருப்பில்லாத காலின் தோல் வழியாக மண்ணிலிருந்து ஏறிக் குடலில் ஒட்டி ரத்தத்தைக் குடிக்கும். பெண்களின் ரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகளுக்கு மட்டும் இல்லாமல் ஊர் முழுக்க மருந்து கொடுத்தால் பரவல் நிற்குமா என்று சி.எம்.சி. குழு திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பெரிய ஆய்வே நடத்தியிருக்கிறது. வயலுக்குப் போகிறவர்கள் செருப்புப் போடுங்கள். வேப்பங்கொழுந்து கொடுத்துவிட்டேன் என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்கிறார்கள். ஆனால் கவலை வந்தால் உடனே வயிறு கலக்குகிறது. இது கற்பனையா?

கற்பனை இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு இருக்கிறது. எரிச்சல் குடல் நோய் என்று ஒன்று உண்டு, அதில் குடலில் புண் இருக்காது, ஆனால் வலியும் பேதியும் நிஜம். "உனக்கு ஒன்றும் இல்லை, மனசுதான்" என்று வீட்டில் சொல்வது நியாயமே இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், தினமும் அரை மணி நேர நடை (கோட்டை மைதானம் பக்கம் இருக்கிறவர்களுக்கு நல்ல வசதி), கூடவே மருத்துவர் தரும் மருந்து, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை என்று எல்லாம் சேர்ந்து பலன் தரும். நைட் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தையாவது முடிந்த மட்டும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்? தெரியாவிட்டால்?

காலை நேரப் பழக்கத்துக்கு இரண்டு வாரம், நார்ச்சத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் தெரியவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். கூடவே நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொடிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பொடியைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முழுதாகத் தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியும்.